கீரிப்பாறைக் கிராம்புக்கு யார் சாட்சி?

தடிக்காரன்கோணம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள். கீரிப்பாறையில் இறங்கினால் மூக்கில் ஏறுவதும் ரப்பர் பாலின் புளித்த வாடைதான். நான் தேடி வந்தது, மேலே மாறாமலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கும் கிராம்பை.

ஒரு முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். மொட்டு விரியுமுன், பச்சை மாறிச் சிவப்பேறும் பருவத்தில் ஏணி சாத்திப் பறித்தது. காய்ந்த ஒன்றை நகத்தால் அழுத்தினேன், எண்ணெய் கசிந்தது. எண்ணெய் வடித்தெடுத்த சக்கையில் இது வராது. ஆனால் சென்னையில் பொட்டலமாக வாங்குகிறவர் எப்படி நகம் வைத்துப் பார்ப்பார்?

கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. "கெடச்சாச்சு அண்ணாச்சி, சாக்குல ஏறணுமே" என்றார் தோட்டக்காரர். அங்கே கட்டி வைத்திருந்த மூட்டைகளில் எந்தக் குறியும் இல்லை.

புவிசார் குறியீடு ஊரையும் அந்த ஊரால் வந்த தரத்தையும் காக்கிறது. 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தில் உள்ள சான்றுக்குறி இன்னும் அகலமானது: விளைந்த இடம், மூலப்பொருள், செய்முறை, தரம் எதற்கும் சாட்சி சொல்லலாம். கம்பளித் துணியில் பார்க்கும் வூல்மார்க் அந்த வகை. (அக்மார்க்குக்கு 1937இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.) டார்ஜிலிங் தேயிலையின் சின்னத்தைத் தேயிலை வாரியம் முதலில் சான்றுக்குறியாகத்தான் பதிந்தது, புவிசார் குறியீடு 2004இல் வந்தது.

சட்டத்தின் 70ஆம் பிரிவுதான் எனக்குப் பிடித்தது. சான்று தரும் சரக்கையே விற்கிறவர் பெயரில் சான்றுக்குறி பதிவாகாது. நடுவர் களத்தில் இறங்கி ஆடக் கூடாது. இந்த ஊரில் ரப்பர் எடுத்து விற்பது அரசு ரப்பர் கழகம். அரசு நிறுவனம் என்பதற்காக ரப்பருக்குச் சான்றுக்குறி அதன் பெயரில் கிடைத்துவிடாது. யாருக்குக் குறி தரலாம், எந்த அடிப்படையில் என்ற விதிகளையும் பதிவகத்தில் கொடுத்தாக வேண்டும். அந்த விதிகளை மீறினாலோ, சரக்கைச் சோதிக்கும் தகுதி போனாலோ பதிவை நீக்கலாம்.

விவசாயிகள் சங்கம் தன் உறுப்பினர்களை அடையாளம் காட்ட மட்டும் நினைத்தால் கூட்டுக்குறி போதும். சான்றுக்குறி வேண்டுமென்றால், கிராம்பு விற்காத ஒருவர் சோதிக்க முன்வர வேண்டும்.

"உங்க சங்கத்துல கிராம்பு விக்காத ஆள் உண்டா?" என்று கேட்டேன்.

"அப்படியொருத்தன் எதுக்கு அண்ணாச்சி சங்கத்துக்கு வாறான்?"