இன்னும் முடியேல்லை

89 வயசில ஒரு மனுசன் என்ன செய்வார்? எங்கட ஊரில எண்டால் சாய்மனைக் கதிரையில இருந்து, பேப்பரில மரண அறிவித்தல் பக்கத்தை முதல் பார்ப்பார். அமெரிக்கக் கிற்றார் கலைஞர் பட்டி கை, 2025 யூலை 30இல், தன்ர 89ஆவது பிறந்தநாளன்று, 18 பாட்டுகளோட ஒரு புது அல்பம் வெளியிட்டார். பெயர் ‘எய்ன்ட் டன் வித் த ப்ளூஸ்’. எங்கட பாசையில சொன்னால், ‘ப்ளூஸை நான் இன்னும் முடிக்கேல்லை’.

இதில பகிடி என்னவெண்டால், இவர் ஏற்கனவே பிரியாவிடை சொன்னவர். அந்தச் சுற்றுப்பயணத்தை 2023 பெப்ரவரியில மும்பை மகிந்திரா ப்ளூஸ் விழாவிலதான் தொடங்கினார். விடைபெற்ற மனுசன் திரும்பி வந்து ‘முடியேல்லை’ எண்டுறார். ஏன்? இந்த அல்பத்தைக் கேட்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு அந்தக் கேள்விதான் வருகுது.

ப்ளூஸ் எண்டால் என்னவெண்டு கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உருவாக்கிய பாட்டு. ஒரு வரியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரி அதுக்குப் பதில் சொல்லும். இடையில கிற்றாரும் ஒரு ஆள் மாதிரிப் பதில் கதைக்கும். வேலை தேடிச் சிகாகோ போன கறுப்பினத்தவர்கள் அங்கத்தைய மதுச்சாலை இரைச்சலுக்கு மேலால கேட்க வேணுமெண்டு கிற்றாரை அம்பிளிஃபயரில மாட்டினார்கள். அதுதான் எலெக்ட்ரிக் ப்ளூஸ். ரொக் இசைக்கு அதுதான் தாய்.

பட்டி கை 1936இல லூசியானாவில, லெட்ஸ்வேர்த் எண்ட சின்ன ஊரில பிறந்தவர். வாரத்துக்கு நிலம் செய்த குடும்பம். அவரும் பருத்தி ஆய்ந்தவர். காசு குடுத்துக் கிற்றார் வாங்க வழியில்லாத காலத்தில, யன்னலில அடிச்ச கொசுவலைக் கம்பியை உருவி நரம்பாகக் கட்டி வாசிச்சவர். 1957இல சிகாகோ போனார். அங்க பட்டினி கிடந்த நாளில மடி வோட்டர்ஸ் எண்ட பெரிய கலைஞர் தனக்குச் சாப்பாடு தந்ததை இண்டைக்கும் சொல்லுவார். ஆனா செஸ் எண்ட இசைத்தட்டுக் கொம்பனி, மற்றவர்களுடைய பாட்டுக்கு வாசிக்க அவரைப் பாவிச்சுதே தவிர, அவர் மேடையில வாசிக்கிற மாதிரிப் பதிய விடேல்லை. அது இரைச்சலாம். அந்த இரைச்சலைத்தான் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் எரிக் கிளப்டனும் கேட்டு வளர்ந்தார்கள். அவருக்கு உலகப் பெயர் வந்தது 1991இல, 55 வயசில.

எனக்கு அவரில ஒட்டு வந்தது வேற ஒரு கதையால. அவற்ற கிற்றார் முழுக்க வெள்ளைப் பொட்டு. ஊரை விட்டு வெளிக்கிடேக்க, சுகமில்லாமல் இருந்த தாயிட்ட, ‘சிகாகோ போய் உழைச்சு, பொட்டுப்போட்ட கடிலாக் காரில வந்து இறங்குவன்’ எண்டு சொன்னவராம். சொல்லேக்கையே அது பொய்யெண்டு அவருக்குத் தெரியும். 1968இல தாய் போயிட்டா. கார் வரேல்லை. பிறகு கிற்றாரில பொட்டுப் போட்டார்.

இந்தக் கதை எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. என்ர மாமா 1996இல பிரான்ஸ் போகேக்க அம்மம்மாவிட்ட ‘ரெண்டு வருசம், வந்து உங்களுக்கு மாடிவீடு கட்டித் தாறன்’ எண்டவர். ஒவ்வொரு ஃபோனிலயும் அந்த ரெண்டு வருசம் புதுசாகத் தொடங்கும். வீடு கட்டினவர்தான், அம்மம்மா போன பிறகு. இண்டைக்கும் அது கேற்றில பூட்டோட நிக்குது. நெல்லியடிச் சந்தியில இருந்து எந்த ஒழுங்கைக்குள்ள இறங்கினாலும் இப்படி ஒரு வீட்டைக் காட்டலாம். அதுகளும் பொட்டுப்போட்ட கிற்றார்தான் எண்டு எனக்கு இப்ப படுகுது. ஊதாரித்தனம் எண்டு கதைக்கிறவை கதைக்கட்டும்.

தாயிட்டச் சொன்னது நிறைவேறேல்லை. மற்ற வாக்கு ஒண்டு இருக்கு. மடி வோட்டர்ஸ் 1983இல இறந்தார், பி.பி. கிங் 2015இல. ப்ளூஸைச் சாக விடாதை எண்டு மூத்தவர்கள் தன்னட்டக் கேட்டவை எண்டு பட்டி கை எத்தினையோ பேட்டியில சொல்லியிருக்கிறார். அந்தத் தலைமுறையில மிஞ்சினது அநேகமாக அவர்தான்.

அதை மனசில வைச்சுக்கொண்டு அல்பத்தைக் கேளுங்கோ. முதல் துண்டே ஜோன் லீ ஹூக்கரை நினைச்சு. இன்னொண்டு லைட்னிங் ஹொப்கின்ஸை நினைச்சு. ‘ரோக் டு யுவர் டோட்டர்’ 1967இல இறந்துபோன ஜே.பி. லென்வாவின் பாட்டு. ஆனா இது திவசம் செய்யிற மாதிரி இல்லை. இந்த மனுசன் சிரிக்கிறார், நக்கல் அடிக்கிறார், காசில்லாத காதலைப் பற்றிப் பாடுறார். ஒரு பாட்டின்ர பெயரே ப்ளூஸ்தான் ப்ளூஸைக் கலைக்கும் எண்ட அர்த்தத்தில வரும். செத்தவர்களின்ர பெயரை அழாமலும் சொல்லலாம் எண்டு காட்டுறார். எங்களுக்கு அது இன்னும் பழக்கமில்லை.

குறையும் இருக்கு. 18 பாட்டு கூட. நடுவில சிலது ஒண்டைப்போல ஒண்டு. தயாரிப்பாளர் ரொம் ஹம்பிறிட்ஜ் எல்லாத்தையும் துடைச்சு மினுக்கி வைச்சிருக்கிறார். செஸ்காரர் பயந்த அந்த இரைச்சல் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஜோ வோல்ஷ், பீற்றர் ஃப்ராம்ப்டன் போன்ற பெரிய ரொக் ஆக்கள் வாற பாட்டுகளை விட அவர் தனிய நிக்கிற இடங்கள்தான் எனக்குப் பிடிச்சது.

ஒரு பாட்டைத் தவிர. ‘வெயர் யூ அற்’. இதில கூட வாசிக்கிறது கிங்ஃபிஷ் எண்டு கூப்பிடுற கிறிஸ்டோன் இங்ரம். மிசிசிப்பியில 1999இல பிறந்தவர், எங்களை விடக் கொஞ்சம் மூத்த அண்ணா அவ்வளவுதான். நெல்லியடியில பஸ் ஏறி வல்லைவெளிக் காத்து யன்னலால அடிக்கேக்க இதைக் கேட்டிருக்கிறன். ரெண்டு கிற்றாரும் மாறி மாறிக் கதைக்கும். இளையவர் பணிஞ்சு ஒதுங்கேல்லை, கிழவரும் விட்டுக்குடுக்கேல்லை. சொன்ன சொல் கை மாறுறது இப்படித்தான் கேட்கும் போல.

‘சின்னர்ஸ்’ படத்தின்ர கடைசியில வாற வயசான கிற்றார்காரரைப் பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி: அது இவர்தான். முழு அல்பத்துக்கும் நேரமில்லாட்டி ‘வெயர் யூ அற்’டில தொடங்குங்கோ. இயர்ஃபோன் வேணாம், சத்தமா வையுங்கோ. வீட்டில ஏசினால் 89 வயசுக்காரர் வாசிக்கிறார் எண்டு சொல்லுங்கோ.