மலையேறிய டீசல் காரும் நான்கு முட்களும்

கொழும்பிலே மருதானையை அடுத்துள்ள பஞ்சிகாவத்தை, பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் என்றாவது ஒருநாள் சென்றே தீரவேண்டிய தலமாகும். கழற்றிய கதவுகளும் கியர்ப்பெட்டிகளும் றேடியேற்றர்களும் நடைபாதை வரை அடுக்கிக் கிடக்கும். அங்கே ஒரு கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் நீல ஒளியும் செவ்வொளியும் வீசும் வட்ட மானிகள் வரிசையாக இருந்தன. கடைக்காரர் டேர்போவின் காற்றமுக்கத்தைக் காட்டும் மானியை முதலில் எடுத்து நீட்டினார். எனது காரில் டேர்போ இல்லை என்றேன்.

"இல்லாவிட்டால் என்ன ஐயா, பார்க்க அழகாக இருக்குமே!" என்றார் அவர்.

அழகைத் தேடி நான் அங்கே செல்லவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைவேளை, அம்மாவை ஏற்றிக்கொண்டு கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு மலையேறிக்கொண்டிருந்தேன். நோய்ப்படுக்கையிலிருந்த பெரியம்மா தங்கையைக் காணவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். புசல்லாவையை அணுகும்போது உஷ்ணமானியின் முள் மெல்லக் கீழே இறங்கிற்று. மலைக்காற்று எஞ்சினைக் குளிர்விக்கிறது போலும் என மகிழ்ந்தேன்! சிறிது நேரத்தில் வண்டி வலுவிழந்து, வெண்புகை கக்கி நின்றுவிட்டது. எஞ்சினின் பின்புறத்து இறப்பர்க் குழாய் வெடித்து, தண்ணீர் முழுவதும் வழியிலேயே ஒழுகிப் போயிருந்தது. நீரின் வெப்பத்தை அளக்கும் உணரி, நீரே இல்லாத வெற்றிடத்தில் தொங்கிக்கொண்டு குறைந்த உஷ்ணத்தைக் காட்டியிருக்கிறது. அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வெடித்துவிட்டது. மறுநாள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. அம்மா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை.

ஆதலின் இம்முறை யோசித்தே வாங்கினேன். வண்டியோடு வரும் உஷ்ணமானியில் பெரும்பாலும் எண்களே இரா. பல வண்டிகளில் 80 பாகையாயினும் 100 பாகையாயினும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். ஓட்டுபவர் வீணே கலங்கக்கூடாதாம். அது அசையத் தொடங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். எனவே, எண்கள் பொறித்த உஷ்ணமானி முதலில் வேண்டும். அதன் உணரியை நீரில் அன்றி, சிலிண்டர் ஹெட்டின் ஆணியொன்றின் கீழ் வளையமாகப் பொருத்தும் வகையும் உண்டு. தண்ணீர் போனாலும் உலோகம் பொய் சொல்லாது. நான் அதையே தேர்ந்தேன்.

இரண்டாவது, எண்ணெய் அமுக்கமானி. தொழிற்சாலையார் தந்த சிவப்பு விளக்கு, அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 5 இறாத்தலாக வீழ்ந்த பின்னரே எரியும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து இறாத்தலாவது இருக்கவேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. தேய்ந்த எஞ்சினில் எண்ணெய் சூடேறி இளகும்போதுதான் உண்மை வெளிப்படும். காலையில் வீட்டு வாசலில் பார்த்து மகிழ்வதில் பயனில்லை. கொதிக்கும் எண்ணெயைக் குழாய்வழி ஆசனத்தருகே கொண்டுவரும் வகையை நான் விரும்பவில்லை. குழாய் வெடித்தால் முழங்காலின் கதி என்னாவது? மின்கம்பியால் செய்தி அனுப்பும் வகையே நன்று.

மூன்றாவது வோல்ற்றுமானி. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையே நின்றால் பற்றரிக்கு மின் ஏறுகிறது என்று பொருள். டீசலுக்குத் தீப்பொறி வேண்டாமே என்று சிலர் இதை அலட்சியம் செய்வர். ஆனால் பல டீசல் எஞ்சின்களில் எரிபொருளைத் திறந்து வைத்திருப்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு வால்வு. மின்சாரம் அற்றால் எஞ்சினும் அணையும்.

நான்காவதாக நான் கேட்டதைக் கண்டு கடைக்காரரே நகைத்தார். அது வெற்றிடமானி. பெற்றோல் காரில் எரிபொருட் சிக்கனம் பார்க்க வைப்பார்கள். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் இயல்பாகவே வெற்றிடம் உண்டாகும். பிரேக்குக்குத் துணைவலு அதிலிருந்தே கிடைக்கிறது. டீசலில் காற்றை மறிக்கும் கதவு இல்லை. ஆகவே அந்த வெற்றிடமும் இல்லை. அதற்கெனத் தனிப் பம்பு ஒன்று வேண்டும். எனது வண்டியைப் போன்ற பல ஜப்பானிய டீசல் வண்டிகளில் அப்பம்பு மின்னாக்கியின் முதுகிலேயே அமைந்திருக்கும். மலையிறங்கும் வண்டிக்கு அந்தப் பம்பின் நலத்தைவிட வேறென்ன செய்தி வேண்டும்? பிரேக்குக்குச் செல்லும் குழாயில் மானியை இணைத்தேன்.

சுற்றுமானியும் கேட்டுப் பார்த்தேன். பெற்றோல் காருக்குரியது தீப்பொறிச் சுருளின் துடிப்பை எண்ணுவது, டீசலுக்கு உதவாது. மின்னாக்கியிலிருந்து துடிப்பெடுக்கும் வகை வேண்டும். காது இருக்கும்போது அதற்குப் பணம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பெரியம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு அதே பாதையில் மீண்டும் புறப்பட்டோம். பேராதனைப் பாலத்தைக் கடக்கையில் ஹெட் 88 பாகை. கம்பளையில் வடையும் தேநீரும். புசல்லாவைத் தேயிலைச் சரிவுகளுக்கிடையே 97. கொத்மலை நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கில் வெள்ளித்தகடாய்த் தெரிந்த இடத்தில் 103. உடனே ஓரங்கட்டி, எஞ்சினை அணையாது மெதுவாக ஓடவிட்டேன். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அங்கே திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். றேடியேற்றர் மூடியின் அமுக்கமே கொதிப்பைத் தடுத்து வைத்திருக்கிறது. நைந்த மூடியோடு மலையேறுவது வீண்துணிவு. புது மூடியின் விலையோ அற்பம். பத்து நிமிடத்தில் 90க்கு இறங்கிற்று. றம்பொடையில் ஆஞ்சநேயர் கோயிலில் இறங்கி வணங்கி, இரவுக்குமுன் நுவரெலியாவை அடைந்தோம்.

கொழும்பில் 26 அங்குலம் காட்டிய வெற்றிடமானி அங்கே 20 காட்டிற்று. அஞ்சவேண்டியதில்லை, ஆயிரம் அடி ஏறினால் ஓர் அங்குலம் குறைவது வளிமண்டலத்தின் இயல்பு.

திரும்பும் நாளில் லபுக்கலைத் தோட்டத்தைத் தாண்டி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் முள் விழுந்து, உடனே எழவேண்டும். அன்று 14க்கு விழுந்தது. எழ மனமின்றி எழுந்தது. வோல்ற்றுமானியைப் பார்த்தேன்: 12.3. இரு முட்களும் ஒரே செய்தியைச் சொல்லின. மின்னாக்கியைச் சுழற்றும் பட்டி வழுக்குகிறது! இரண்டாம் கியரில் ஊர்ந்து, மரக்கறிக் கடையொன்றின் முன் நிறுத்தினேன். பொனற்றைத் திறந்தால் பட்டி விரலழுத்தத்துக்கு ஓரங்குலம் தாழ்ந்தது. கடைக்காரரிடம் சாவியொன்று இரவல் வாங்கி இறுக்குவதற்குள் அம்மா ஒரு கட்டு லீக்ஸும் இரண்டு கோவாவும் வாங்கிவிட்டார்.

மீண்டும் புறப்பட்டதும் அவர் பின்னாசனத்தில் ஏறவில்லை. முன்னே அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தம்பி, நீ றோட்டைப் பார். எந்த வட்டத்தை நான் பார்க்கவேணும்?"

காட்டினேன். "இருபத்திரண்டு" என்றார். அடுத்த வளைவில் "பதினெட்டு... இருபது... இருபத்திரண்டு." கம்பளை வரும்வரை அவர் வாய் ஓயவில்லை.