மேட்டுப்பாளையத்துல இறங்குங்க பாஸ்!

ஊட்டி டூர் போற காலேஜ் பசங்களுக்கு மேட்டுப்பாளையம்னா டீ குடிக்கிற ஸ்டாப்பிங், அவ்வளவுதான். ஒரு நாள் இங்கேயே தங்கிப் பாருங்க.

காலை 7.10-க்கு மலை ரயில். ஊட்டி வரைக்கும் 46 கி.மீ., 208 வளைவு, 16 குகை. கல்லாறு தாண்டினா செம ஏத்தம், 12 அடி போனா 1 அடி ஏறும். சக்கரம் வழுக்காம இருக்க தண்டவாளத்துக்கு நடுவுல பல்சட்டம் போட்டிருக்காங்க. நீராவி இன்ஜின் முன்னால நின்னு இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும்! 1899-ல குன்னூர் வரைக்கும் ஓட ஆரம்பிச்ச வண்டி இது. மழைக்காலத்துல மண் சரிஞ்சா ரத்து, விசாரிச்சுட்டுப் போங்க.

அடுத்தது பவானி ஆறு. பார்த்ததும் குதிக்கத் தோணும். அங்கேதான் மேட்டர். மேலே பில்லூர் அணையில கரன்ட் எடுக்கத் தண்ணி திறந்தா, இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலே ஆறு ஏறும். முட்டியளவு இருந்த இடம் கழுத்தளவாயிடும். நடுப்பாறையில போஸ் கொடுத்துட்டிருந்தா கரைக்குத் திரும்ப வழி இருக்காது. எத்தனையோ ஸ்டூடன்ட்ஸ் உயிர் இப்படிப் போயிருக்கு. கரையில துணி துவைக்கிற அக்கா, “வேணாம் தம்பி”ன்னா வேணாம்.

குளிச்சே ஆகணுமா? ஊட்டி ரோட்டுல பிளாக் தண்டர் இருக்கு. பர்ஸ் மட்டும்தான் காலியாகும்!