இப்ப எதிரி யாரு சேர்?

வழமையாக இந்தப் பக்கத்தில் பரீட்சை, பாடம் பற்றித்தான் எழுதுவேன். இன்று ஒரு கணினி விளையாட்டைப் பற்றி. பெற்றோர் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

விளையாட்டின் பெயர் ஃப்ரீஸ்பேஸ் 2. விண்வெளிப் போர் விமானம் ஓட்டுவது. அமெரிக்காவின் வொலிஷன் நிறுவனம் உருவாக்கி, 1999இல் வெளிவந்தது. நல்ல பெயர் கிடைத்தது, விற்பனைதான் இல்லை. அதனால் கதை தொடரவில்லை. முதல் பாகத்தின் முடிவிலேயே பூமிக்குப் போகும் பாதை அழிந்து, தூர நட்சத்திரங்களில் வாழும் மனிதர்கள் பூமியை இழந்துவிடுவார்கள். இரண்டாம் பாகம் முடியும்போது, அந்தப் பாதையைத் திரும்பத் திறக்கலாம் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். அவ்வளவுதான்.

ஆனால் புதிய களங்களை அமைக்கும் கருவியை நிறுவனம் விளையாட்டோடு சேர்த்தே கொடுத்திருந்தது. 2002இல் மூல நிரலையும் வெளியிட்டது, வியாபாரம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு. ரசிகர்கள் கதையைக் கையில் எடுத்தார்கள். அப்படி வந்ததில் பேர்போனது 'ப்ளூ பிளானட்'. எழுதியவர்கள், கலங்களை வடிவமைத்தவர்கள் யாரும் இதில் காசு பார்க்கவில்லை.

அதன் முதல் கதையில் நாம் வெளியே வாழும் மனிதர்களின் கூட்டணிப் படையில் ஒரு விமானி. பூமிக்குப் பாதை திறக்கிறது. பிரிந்த சொந்தங்கள் கட்டித் தழுவுவார்கள் என்று பார்த்தால், முடிவில் போர் தொடங்குகிறது. 2010இல் 'வோர் இன் ஹெவன்' என்ற அடுத்த கதை வந்தது. அதில் நம்மைப் பூமியின் விமானத்தில் உட்கார வைக்கிறார்கள். நேற்று நமது படையாக இருந்தது, இன்று நம் வீட்டை உடைக்க வருகிறது.

நான் பதினோராம் ஆண்டுக்கு வரலாறு எடுக்கிறேன். இதை விளையாடிய மாணவன் ஒருவன் இடைவேளையில் வந்தான். "சேர், மொதல்ல நான் இருந்த பக்கத்தத்தான் இப்ப சுடச் சொல்றாங்க. இப்ப எதிரி யாரு சேர்?"

"அங்க இருக்கக்குள்ள அவங்கட காரணம் உனக்கு வெளங்கினதா?" என்று கேட்டேன்.

"வெளங்கின சேர். இப்ப இவங்கடதும் வெளங்குது. அதுதான் பிரச்சின."

இந்தப் பிரச்சினைக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தத்தான் நான் வருடக்கணக்காகக் கஷ்டப்படுகிறேன். என் மாணவர்கள் யுத்தத்தைக் கண்டவர்கள் இல்லை. வீட்டில் கேட்டதுதான் அவர்களுக்குத் தெரியும். 1990 என்று சொன்னால் எங்கள் வீடுகளில் ஒரு நினைவு வரும். பக்கத்துத் தமிழ் ஊரில் வேறொரு நினைவு வரும். இரண்டிலும் மையித்து இருக்கிறது, இரண்டும் பொய் இல்லை. மற்றவரின் நினைவைக் கேட்பதால் நமக்கு நடந்த அநியாயம் நியாயமாகிவிடாது. கேட்காமலே விட்டால், அடுத்த தலைமுறைக்குப் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

1990ஐ நேராக வகுப்பில் எடுக்க எனக்கும் தயக்கம் உண்டு. அதனால் 1803இல் தொடங்கினேன். அந்த வருடம் கண்டியில் வெள்ளையரின் படையிலும் மலாய் வீரர்கள் இருந்தார்கள், கண்டி மன்னனின் படையிலும் மலாய் வீரர்கள் இருந்தார்கள். ஒரே மொழி, ஒரே மார்க்கம், எதிரெதிர்ப் பக்கம். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பக்கங்கள் எழுத வேண்டும்: ஒன்று இந்த வீரனாக, மற்றது அந்த வீரனாக. ஒருவனைக் கெட்டவனாக்கித் தப்பிக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

அடுத்த கிழமை வகுப்பில் வாசிக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு சில பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "வாப்பா, 1990ல பக்கத்து ஊர்ல என்ன நடந்த?" என்று உங்களிடமும் கேட்கக்கூடும். பழசைக் கிளறாதே என்று விரட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள்.