அதே மலை, 7 வருடம் கழித்து

ஓய்வுக்குப் பிறகு நான் விரும்பிப் பார்ப்பது சைக்கிள் பந்தயம். இத்தாலியில் ஃபினெஸ்ட்ரே என்றொரு மலை. 18 கிலோமீட்டர் ஏற்றம். 100 மீட்டர் போனால் சராசரியாக 9 மீட்டர் உயரும். கடைசி 8 கிலோமீட்டர் தார் இல்லாத சரளைப் பாதை. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து வழுக்கும். உட்கார்ந்தே ஏற வேண்டும்.

2018 ஜிரோ பந்தயத்தில் முதலிடத்தில் இருந்த சைமன் யேட்ஸ் இங்கேதான் துவண்டார். அன்று மட்டும் 38 நிமிடம் பின்தங்கினார். 2025-இல் மூன்றாம் இடத்தில் இருந்தபடி அதே மலைக்கு வந்தார். முன்னிலையில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, இவர் தனியே ஏறிப் போனார். பட்டமும் அவருக்கே.

பத்தாம் வகுப்பில் தவறியதும் பள்ளிப் பக்கமே வராமல் போன என் பிள்ளைகள் சிலர் நினைவுக்கு வந்தார்கள். தோற்ற இடத்துக்குத் திரும்பிப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை, கண்ணுகளா.