‘சாப்பிட்டாயா?’ என்பது என்ன வினா?

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று துறையினர் அன்புடன் கேட்டபோது, இலக்கணக் கட்டுரை எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டேன். எழுத அமர்ந்தபோதோ, நூற்பாவுக்கு முன்னால் என் வீட்டுக் கதை வந்து நின்றுகொண்டது. அக்கதையும் இலக்கணத்திலேயே சென்று முடிவதால், படிப்போர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வீண்பேச்சு என்பது எனக்கு இளமை முதலே ஒவ்வாத ஒன்று. ஆசிரியர் ஓய்வறையில் நண்பர்கள் கூடினால் நான்கு பொருள்களே பேசப்படும். இன்று வீட்டில் என்ன குழம்பு, நேற்றுத் தொலைக்காட்சியில் என்ன பார்த்தீர்கள், வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது, வண்டி ஏன் கிளம்ப மறுக்கிறது என்பனவே அந்நான்கு. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நாற்பொருளுக்குப் போட்டியாக இவர்கள் வேறொரு நாற்பொருள் கண்டிருக்கிறார்கள் என்று நான் எள்ளி நகையாடியதுண்டு. “சாப்பிட்டீர்களா?” என்று எவரேனும் கேட்டால், “இல்லை என்றால் சோறு போடப் போகிறாரா?” என்று மனத்துக்குள் முணுமுணுத்துக்கொள்வேன்.

இத்தகைய நான்தான் ஆண்டுதோறும் வகுப்பறையில் வினா வகையும் விடை வகையும் நடத்திவந்தேன். பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகப் பகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடையை எட்டாகப் பகுத்தார். ஒருவனிடம் ஆடை இல்லையா என்று கேட்பது, ஆடை கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பதாயின் கொடைவினா என்று விளக்குவேன். மாணவர் எழுதிக்கொள்வர், தேர்வில் ஒப்பிப்பர். அவர்களைப் போலவே நானும் அதனை ஒப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

எங்கள் தந்தையார் 2002ஆம் ஆண்டு காலமானார். உறையூரில் அவர் விட்டுச்சென்ற வீட்டை அண்ணனும் நானும் பங்கிட்டுக்கொண்டபோது நான்கடி நிலத்தால் பிணக்கு மூண்டது. சொல் தடித்தது. முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. அன்றுமுதல் நாங்கள் பேசவில்லை. ஒரே தெருவில், ஒரே கூரையின் இரு பாதிகளில், மூன்று ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்தோம்.

ஆனால் அச்சுவர் எல்லாவற்றையும் தடுக்கவில்லை. அண்ணி கருவாட்டுக் குழம்பு வைத்தால் அதன் மணம் இப்பக்கம் வந்துவிடும். இரவுச் செய்தியை இரு வீட்டிலும் ஒரே நேரத்தில் கேட்போம். செய்தி வாசிப்பவரின் ஒரு சொல் இரண்டு முறை ஒலிப்பது போலிருக்கும். மின்சாரம் நின்றால் இரு வீடும் ஒருசேர அடங்கும். இருட்டில் அப்பக்கம் அண்ணன் இருமுவது கேட்கும். அப்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய நினைவு வரும். எண்பதுகளில் எங்கள் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்குமுன் அண்ணன் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவார். “தெரிகிறதா?” என்று மேலிருந்து கேட்பார். “இல்லை... இல்லை... இப்போது தெரிகிறது!” என்று நான் கீழிருந்து கத்துவேன். படம் தெளிந்தபின்னும் அவர் உடனே இறங்கமாட்டார். “இப்போதும் தெரிகிறதா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டே இறங்குவார்.

2005ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தருகிறது. அவ்வாண்டு அது வாரி வழங்கியது. என் மகளுக்குக் கல்லூரித் தேர்வு. என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. முற்றத்தில் நிற்க வேண்டிய கார், சுவர் எழுந்தபின் இடமின்றித் தெருவில் நின்றது. இரவெல்லாம் பெய்த மழையில் நனைந்த வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பத் திருப்ப எந்திரம் சுழன்றது, உயிர் பெறவில்லை. தேர்வுக்கு முக்கால் மணி நேரமே இருந்தது. தெருவில் ஆட்டோ ஒன்றும் இல்லை. மகள் கண் கலங்கி நின்றாள்.

அடுத்த வாசற்கதவு திறந்தது. லாரிப் பட்டறையில் இருபது ஆண்டுகள் உழைத்த என் அண்ணன், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தே பேசினார்.

“இரவு முழுதும் மழையிலா நின்றது?”

“ஆமாம்.”

“சாவியை எடு. பேட்டரியும் தீர்ந்துபோகும்.”

மகள் குடை பிடிக்க, அவர் பானெட்டைத் திறந்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உட்புறத்தைத் தம் வேட்டியின் உலர்ந்த முனையால் துடைத்தார். காயிலிலிருந்து வரும் மின்சாரத்தை அந்த மூடியின் வழியாகவே ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகப் பங்கிட வேண்டுமாம். உள்ளே ஈரம் படிந்தால் மின்சாரம் ஈரத்தின் வழியே கசிந்துவிட, பிளக்கில் பொறி பிறக்காதாம். இதனை அவர் என் மகளுக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார். பிளக் கம்பிகளையும் துடைத்து, மூடியைப் பொருத்தினார். “இப்போது போடு” என்றார். வண்டி இருமியது, பின்னர் உறுமியது.

நன்றி சொல்ல வாய் எழவில்லை. மூன்றாண்டுகள் பேசாத நாவுக்கு எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை. நிலத்தைப் பற்றியா? சுவரைப் பற்றியா? மன்னிப்பையா? நான் திகைத்திருக்க, அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “சாப்பிட்டாயா?”

நான் சொன்னேன்: “நீங்கள் சாப்பிட்டீர்களா?”

மகளைத் தேர்வு மண்டபத்தில் விட்டுத் திரும்பும் வழியில் நன்னூல் நினைவுக்கு வந்தது. நான் சொன்ன விடை, வினாவுக்கு எதிர் வினாதல். எண்வகை விடையுள் ஒன்று. அவர் கேட்டது என்ன வினா? காலை எட்டு மணிக்கு நான் சாப்பிட்டேனா என்னும் செய்தியா அவருக்கு வேண்டியிருந்தது? அன்று, அது கொடைவினா. இல்லாதவனுக்குக் கொடுக்கும் எண்ணத்தோடு கேட்கப்பட்ட வினா. அவர் கொடுக்க வந்தது சோறு மட்டுமன்று. “சோறு போடப் போகிறாரா?” என்று நான் பல்லாண்டு எள்ளிய கேள்விக்கு, மழையில் நனைந்து நின்ற ஒருவர் விடை தந்துவிட்டார்.

மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர், ஆக்டனும் ரிச்சர்ட்சும் 1923ஆம் ஆண்டு வெளியிட்ட சொற்பொருள் ஆய்வு நூலொன்றில் இணைப்பாக எழுதிய கட்டுரையில் இத்தகைய பேச்சை ஆராய்ந்திருக்கிறார். நலம் உசாவுவதும் வானிலை பேசுவதும் கருத்தைத் தெரிவிப்பதற்காக அல்ல, மனிதரை மனிதரோடு பிணைப்பதற்காகவே என்பது அவர் கண்ட முடிவு. டிரோபிரியாண்ட் தீவு மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தவர் அவர். நானோ உறையூரில் ஒரு சுவருக்கு இப்பக்கம் மூன்றாண்டுகள் வாழ்ந்தும் அறியாதிருந்தேன்.

அதன்பின் நாள்தோறும் பேசினோம். என்ன குழம்பு, என்ன செய்தி, மேகம் எப்பக்கம், வண்டி எப்படி என்பவற்றையே பேசினோம். நான்கடி நிலத்தைப் பற்றி ஓராண்டு வரை ஒரு சொல்லும் எழவில்லை. பின்னர் ஒரு மாலை, தேநீர் அருந்தும்போது அப்பேச்சும் வந்தது. அரை மணியில் முடிந்தது. நாள்தோறும் சிறுபேச்சுப் பேசிப் பழகிய நாக்குகள் பெரிய பேச்சுக்கு இடறவில்லை. சுவரை இடிக்கவில்லை, அதில் ஒரு கதவு வைத்தோம்.

மாணவச் செல்வங்களே, நன்னூலை நன்றாகப் படியுங்கள். விடுமுறைக்கு ஊர் சென்றால், நீங்கள் பேசாதிருக்கும் ஒருவரிடம் சென்று நில்லுங்கள். பெரிய சொல் ஒன்றும் தேட வேண்டா. மழை பெய்கிறதா, சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். அது என்ன வினா என்பதை அவர் அறிந்துகொள்வார்.