மசித்தலும் கடைதலும்

கடைதல், மசித்தல், பிசைதல், குழைத்தல் ஆகியவை மேலோட்டமாய்ப் பார்ப்பவர்க்கு ஒருபொருட் சொற்களாகவே தோன்றும். அடுக்களையில் அவை ஒன்றல்ல. கீரையைக் கடையலாம், பருப்பையும் கடையலாம். உருளைக்கிழங்கை மசிக்கத்தான் வேண்டும். இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது வாப்பாவின் நோய்க்காலமாகும்.

தம் இறுதி எட்டு மாதங்களில் வாப்பா மெல்லவும் விழுங்கவும் இடர்ப்பட்டார். உணவில் கட்டியும் இருத்தலாகாது, அது பசைபோல் தொண்டையில் ஒட்டவும் கூடாது என்றார் மருத்துவர். உம்மா உருளைக்கிழங்கைத் தேர்ந்துகொண்டார்.

மிக்சியிலிட்டால் நொடியில் முடியுமே என்பாருளர். கிழங்கு முழுவதும் மாவுச்சத்து நிறைந்த நுண்ணறைகளால் ஆனது. வேகும்போது அவ்வறைகளைப் பிணைத்திருக்கும் பொருள் இளகுகிறது. மெல்ல அழுத்தினால் அறைகள் பெரும்பாலும் உடையாமல் தனித்தனியே பிரிந்து பூப்போல உதிரும். மிக்சியின் கத்தியோ அறைகளையே கிழித்து மாவுச்சத்தை வெளிக்கொணர்ந்துவிடும். பின்னர்க் கிடைப்பது உணவன்று; சுவரொட்டி ஒட்டும் பசை!

உம்மா நீர் மிகுந்த புதுக்கிழங்கை ஒதுக்கி, மாவுப்பாங்கான பழங்கிழங்கையே எடுப்பார். ஒத்த அளவினவாகப் பொறுக்கித் தோலோடு, உப்பிட்ட தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுவார். கொதிநீரில் இட்டால் உள் வேகுமுன் புறம் கரைந்துவிடும். வெந்தபின் நீரை வடித்து, வெறும் பாத்திரத்தில் இரண்டு நிமிடம் இளந்தீயில் ஈரத்தைப் போக்குவார். ஆறினால் மாவுச்சத்து இறுகிவிடுமாதலால், விரல் சுடச்சுடத் தோலுரித்து, இடியாப்ப உரலிலிட்டுப் பிழிவார். மேலைநாட்டார் இதற்கெனவே ஒரு கருவி வைத்துள்ளனர். அது நம் இடியாப்ப உரலின் உடன்பிறப்பேதான்.

பிழிந்ததில் முதலில் வெண்ணெய், பின்னர்ச் சூடான பால். மரக்கரண்டியால் நாலைந்து முறை புரட்டுவதோடு சரி. உருளை மசியலாலேயே பெரும்புகழ் எய்திய பிரெஞ்சுச் சமையற்கலைஞர் ழோயல் ரொபுஷோன் (1945–2018), 1 கிலோ கிழங்கிற்கு 250 கிராம் வெண்ணெய் சேர்த்தார். வாப்பாவிற்கோ ஒரு தேக்கரண்டிக்கு மேல் இசைவில்லை.

ஆணமின்றி உணவே கொள்ளாத மனிதர் அவர். வெள்ளை மசியலைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உம்மா வாதிடமாட்டார். எலும்பாணத்தைத் துணியில் வடிகட்டி, மசியலின் நடுவே குழிசெய்து ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டுவார். மணம் எழுந்ததும் வாப்பாவின் முகம் தானே திரும்பும்.

“இது சாப்பாடு” என்பார்.